காற்று ஊரின் அலை வீரர்கள்

ஆகாயத்தில் குட்டிக்கரணம் போடும் வாலிபர்கள்! அதற்காக ஆயிரம் தடவை விழுந்த கதை!

பலத்த காற்று அடித்தால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? ஜன்னலைச் சாத்துவார்கள். கொடியில் காயும் துணிகளை ஓடிப்போய் எடுப்பார்கள். மீனவர்கள் படகைக் கரையில் இழுத்துக் கட்டுவார்கள்.

ஆனால், ஓர் ஊர் இருக்கிறது. அங்கே காற்று வலுக்க வலுக்க, வாலிபர்களும் பெண்களும் சிறுவர்களும் வீட்டை விட்டு வெளியே வருகிறார்கள். ஒரு கையில் பலகை, மறு கையில் பாய். நேரே கடலுக்குள் இறங்குகிறார்கள்.

பலகை மேல் நிற்கிறார்கள். காற்று பாயைத் தள்ளுகிறது. பலகை பறக்கிறது. எதிரே அலை வருகிறது. அலையின் முகத்தில் ஏறி, அதன் உச்சியில் இருந்து ஆகாயத்தில் எழும்புகிறார்கள். இரண்டு மாடி உயரம், மூன்று மாடி உயரம்! அந்தரத்தில், பலகையோடும் பாயோடும் ஒரு குட்டிக்கரணம் போடுகிறார்கள். மறுபடியும் தண்ணீரில் இறங்கி, ஒன்றுமே நடக்காததுபோலப் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

அந்த ஊரின் பெயர் போசோ இஸ்கியர்டோ. கிரான் கனேரியா என்ற தீவில் இருக்கிறது. சின்னஞ்சிறு கடற்கரை ஊர். ஆனால் அந்த ஊரிலும் அதைச் சுற்றியுள்ள கரையிலும் பழகியவர்கள் உலகச் சாம்பியன் பட்டங்களை அள்ளி வந்திருக்கிறார்கள்.

எப்படி?

மலை திருப்பிவிடும் காற்று

கிரான் கனேரியா தீவு ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்தது. ஆனால் ஸ்பெயினுக்குப் பக்கத்தில் இல்லை. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு எதிரே, அட்லாண்டிக் கடலில் இருக்கிறது. கூண்டில் வளர்க்கும் கானரிப் பறவைக்கு அந்தப் பெயர் வந்ததே இந்தத் தீவுக் கூட்டத்தால்தான்.

அந்தக் கடலில் வடகிழக்கில் இருந்து ஒரு காற்று வீசும். பாய்க்கப்பல் காலத்தில் மாலுமிகள் அந்தக் காற்றை நம்பித்தான் அமெரிக்காவுக்குப் போனார்கள். கொலம்பஸ் 1492-ல் தமது முதல் பிரயாணத்தில் இந்தத் தீவுகளில் தங்கினார். பிறகுதான் மேற்கே புறப்பட்டார்.

தீவின் நடுவே உயரமான மலை நிற்கிறது. காற்று வந்து மலையில் மோதுகிறது. மேலே ஏற முடியாமல், மலையைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. அகலமான வாய்க்கால், குறுகிய மதகில் நுழையும்போது தண்ணீர் வேகம் எடுக்கிறது அல்லவா? அதுபோலவே தீவின் தென்கிழக்குக் கரையில் காற்று வேகம் எடுக்கிறது. அந்த இடத்தில்தான் போசோ இருக்கிறது.

கோடை மாதங்களில் அங்கே மணிக்கு 50, 60 கிலோ மீட்டர் வேகத்தில் காற்று வீசுவது சாதாரணம். சில நாட்களில் அது 80 கிலோ மீட்டரையும் தொடும். அந்தக் காற்றில் குடை பிடிக்க முடியாது. தொப்பி தலையில் நிற்காது. அந்தப் பகுதியில் மின்சாரம் எடுக்கும் காற்றாலைகள் வரிசை வரிசையாகச் சுழல்கின்றன.

கரையிலே மணல் குறைவு. உருண்டைக் கற்கள்தான் அதிகம். கடலுக்குள் இறங்கும்போதே கால் வழுக்கும். கவனம் தப்பினால், அலை ஆளையும் பலகையையும் சேர்த்துக் கல்லில் அடிக்கும்.

இப்படிப்பட்ட இடம்தான் இவர்களுக்குப் பள்ளிக்கூடம்!

பலகையும் பாயும்

இந்த விளையாட்டுக்கு "விண்ட் சர்பிங்" என்று பெயர். பாய்ப் பலகை என்று சொன்னால் எளிதில் விளங்கும்.

அமெரிக்காவில் 1960-களில் இது உருவாயிற்று. நியூமன் டார்பி என்பவர் ஒரு பலகையில் பாயைப் பொருத்தி ஓட்டினார். அதைப் பற்றி 1965-ல் பத்திரிகையில் எழுதினார். பிறகு கலிபோர்னியாவைச் சேர்ந்த ஹாயில் ஸ்வைட்சர், ஜிம் டிரேக் என்ற இருவர் இதைச் சீர்ப்படுத்தி, உரிமை கேட்டுப் பதிவு செய்தார்கள். அது 1968-ம் ஆண்டு.

படகில் பாய்மரம் அசையாமல் நிற்கும். பாய்ப் பலகையில் அப்படி இல்லை. மரத்தின் அடியில் ஒரு மூட்டு உண்டு. அதனால் மரத்தை முன்னே, பின்னே, பக்கவாட்டில் எப்படி வேண்டுமானாலும் சாய்க்கலாம். இந்த மூட்டுதான் விளையாட்டின் உயிர்.

சுக்கான் கிடையாது. பாயை முன்னே சாய்த்தால் பலகை காற்று போகும் பக்கம் திரும்பும். பின்னே சாய்த்தால் காற்று வரும் பக்கம் திரும்பும். மிச்சத்தைக் கால் பார்த்துக்கொள்ளும். ஓட்டுகிறவனின் உடம்புதான் சுக்கான்!

முதலில் இது ஏரியிலும் அமைதியான கடலிலும் ஆடும் ஆட்டமாகவே இருந்தது. அதை அலைக்குள் கொண்டுபோனவர்கள் ஹவாய்த் தீவுக்காரர்கள். 1970-களின் பிற்பகுதியில் அவர்கள் பலகையில் கால்வார் பொருத்தினார்கள். செருப்பு வார் போன்றது அது. பாதத்தை அதில் நுழைத்துக்கொண்டால், அலை தூக்கி எறிந்தாலும் பலகை காலை விட்டுப் போகாது. வாரில் கால் நுழைந்ததும் மனிதன் பறக்கத் தொடங்கிவிட்டான்.

ஆனால் அந்த வாரே ஆபத்தாகவும் முடியும். அதைப் பின்னால் பார்ப்போம்.

13 வயதுச் சாம்பியன்

ஹவாயில் வளர்ந்த ராபி நெய்ஷ் என்ற சிறுவன், 1976-ல் பஹாமாஸ் தீவில் நடந்த உலகப் போட்டிக்குப் போனான். வயது 13. பெரியவர்கள் எல்லாரையும் தோற்கடித்து உலகச் சாம்பியன் ஆனான்! பிறகு 1983 முதல் 1987 வரை தொடர்ந்து 5 ஆண்டுகள் அவரே தொழில்முறைச் சாம்பியன்.

நெய்ஷை வீழ்த்த யாரால் முடியும் என்று உலகமே கேட்டது. பதில் கிரான் கனேரியாவில் இருந்து வந்தது.

பியோன் டன்கர்பெக் டென்மார்க்கில் 1969-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பத்தோடு இந்தத் தீவுக்கு வந்தவர். 1988-ல் அவர் உலகப் பட்டத்தைப் பிடித்தார். பிடித்ததை விடவில்லை. 1999 வரை, தொடர்ந்து 12 ஆண்டுகள்!

தீவின் சிறுவர்கள் அதைப் பார்த்து வளர்ந்தார்கள். "உலகச் சாம்பியன் எங்கோ இருப்பவர் அல்ல, நம் கடலில் பழகுகிறவர்" என்ற எண்ணம் அவர்களுக்கு வந்தது. ஓர் ஊரில் ஒரு பிள்ளை பெரிய பரீட்சையில் தேறினால், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் ஆசை வரும் அல்லவா?

எட்டு வயது மாணவன்

பிலிப் கோஸ்டர் 1994-ல் பிறந்தவர். தாய் தகப்பனார் ஜெர்மானியர்கள். கிரான் கனேரியாவில் பாய்ப் பலகைப் பள்ளிக்கூடம் நடத்தி வந்தார்கள். மகன் 8-வது வயதில் பலகையில் ஏறினான்.

தச்சர் வீட்டுப் பிள்ளைக்கு உளி விளையாட்டுச் சாமான். இந்தப் பிள்ளைக்குப் பாயும் பலகையும் விளையாட்டுச் சாமான். அதோடு, வாசலில் உலகத்திலேயே பலமான காற்றுகளில் ஒன்று.

2011-ல் கோஸ்டர் அலைப் போட்டியில் உலகச் சாம்பியன் ஆனார். அப்போது வயது 17. அலைப் போட்டியில் அவ்வளவு சிறு வயதில் அதற்கு முன் யாரும் பட்டம் வாங்கியதில்லை. மறு ஆண்டும், 2012-ல், அவரே சாம்பியன். பிறகு 2015, 2017, 2019. மொத்தம் 5 பட்டங்கள்.

இந்தப் பட்டியலைப் படிக்க அரை நிமிஷம் ஆகும். ஆனால் இதற்குப் பின்னால் இருக்கும் பயிற்சி அப்படிப்பட்டதல்ல.

முதல் பாடம் விழுவது!

நடக்கக் கற்கும் குழந்தை விழுந்து விழுந்துதான் நடக்கிறது. அலை வீரனும் அப்படியே. ஆனால் அவன் விழுவது மூன்று மாடி உயரத்தில் இருந்து!

முன்பக்கக் குட்டிக்கரணத்தை "பார்வர்டு லூப்" என்பார்கள். 1980-களின் நடுவில் இதைச் செய்து காட்டியவர்களில் இத்தாலியைச் சேர்ந்த செசாரே கன்டகல்லி முக்கியமானவர். அலையில் இருந்து எழும்பியதும், உடம்பைச் சுருக்கி, தலையைத் தோளுக்குப் பின்னே திருப்பிப் பார்க்க வேண்டும். பாயைக் காற்று பிடித்து ஆளை முன்னே சுழற்றிவிடும்.

கேட்க எளிது. மனம்தான் இடம் கொடுக்காது.

பழகுகிறவன் பாதி சுழலும்போது பயந்து கையை நீட்டுவான். அல்லது பாயை விடுவான். உடனே சுழற்சி பாதியில் நிற்கும். முதுகு பட்டென்று தண்ணீரில் அறையும். அந்த உயரத்தில் இருந்து விழுந்தால் தண்ணீரும் சிமெண்டுத் தரை மாதிரிதான்.

ஆகவே பயிற்சி தரும் ஆசிரியர்கள் எல்லாரும் சொல்லும் பாடம் ஒன்றே. "தொடங்கினால் முடித்துவிடு. பாதியில் கைவிடாதே." முழு மனதோடு சுழல்கிறவனுக்கு அடி குறைவு. தயங்குகிறவனுக்கே அடி அதிகம்.

இந்தக் கரணத்தை முதலில் சின்ன அலையில் பழகுவார்கள். பிறகு பெரிய அலையில். பிறகு பின்பக்கமாகச் சுழல்வது. பிறகு ஒரே தாவலில் இரண்டு கரணம். போசோவில் ஆண்கள் போட்டியில் முன்வரிசைக்கு வர வேண்டுமானால், இந்த இரட்டைக் கரணம் தெரியாமல் முடியாது.

ஒவ்வொரு கரணமும் கைவர மாதக் கணக்கில் ஆகும். சிலருக்கு வருஷக் கணக்கில் ஆகும். ஒரு நாளில் 20 தடவை விழுந்து, 21-வது தடவை சரியாக இறங்கினால், அது நல்ல நாள்!

கரையிலும் ஓய்வு இல்லை

காற்று இல்லாத நாளில் என்ன செய்வார்கள்? படுத்துத் தூங்குவார்களா?

இல்லை. நீந்துகிறார்கள். சைக்கிள் ஓட்டுகிறார்கள். பாய் இல்லாத வெறும் பலகையில் அலை ஏறிப் பழகுகிறார்கள். அலையின் போக்கு அதில்தான் நன்றாகப் புரியும்.

தோள், முதுகு, இடுப்பு, தொடை - இந்த நான்கும் பலமாக இருக்க வேண்டும். பாயின் இழுப்பைத் தாங்க இடுப்பிலே கொக்கி வைத்த கச்சை கட்டுவார்கள். சாதாரணமாக ஓடும்போது கொக்கி பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். குட்டிக்கரணம் போடும்போது கொக்கியைக் கழற்றிவிட வேண்டும். அப்போது கையே கதி.

மூச்சை அடக்கவும் பழகுகிறார்கள். பெரிய அலை ஆளைக் கவிழ்த்துவிட்டால், உடனே மேலே வர முடியாது. அலை உருட்டி உருட்டி அடியிலே அழுத்தும். அந்த நேரத்தில் கை காலை உதறிப் போராடினால் மூச்சு சீக்கிரம் தீரும். அமைதியாக இருந்து, அலை விட்டதும் மேலே வருகிறவனே பிழைப்பான். கடலில் பதற்றம்தான் முதல் எதிரி.

கரையில் இருந்து எடுத்த வீடியோவை மாலையில் போட்டுப் பார்ப்பதும் பயிற்சிதான். கை எங்கே இருந்தது? தலை எந்தப் பக்கம் திரும்பியது? ஏன் விழுந்தோம்? ஒவ்வொரு தவற்றையும் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்.

இடது காற்று, வலது காற்று

இந்த விளையாட்டில் வெளியாருக்குத் தெரியாத ஒரு கஷ்டம் உண்டு.

போசோவில் கடலைப் பார்த்து நின்றால் காற்று இடது பக்கத்தில் இருந்து வரும். ஹவாயில் மாவி என்ற தீவு இருக்கிறது. அங்கே ஹூக்கிபா என்ற புகழ்பெற்ற கடற்கரை. உலகப் போட்டி நடக்கும் இடம். அங்கே கடலைப் பார்த்து நின்றால் காற்று வலது பக்கத்தில் இருந்து வரும்!

அதனால் என்ன? எல்லாமே தலைகீழ்! முன்னே இருந்த கால் பின்னே போகும். பின்னே இருந்த கை முன்னே வரும். வலது கையால் எழுதிப் பழகியவனிடம், "இந்தப் பரீட்சையை இடது கையால் எழுது" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

ஆகவே உலகப் பட்டம் வேண்டுமென்றால் சொந்த ஊர்க் கடல் மட்டும் போதாது. போசோவில் காற்று கோடைக்காலத்தில்தான் பலமாக இருக்கும். குளிர்காலம் வந்ததும் வீரர்கள் பலகைகளைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். சிலர் ஹவாய்க்குப் போகிறார்கள். சிலர் தென் ஆப்பிரிக்காவின் கேப் டவுனுக்கும், மேற்கு ஆஸ்திரேலியாவுக்கும் போகிறார்கள். ஹவாயில் எதிர்ப் பக்கக் காற்றிலும், மற்ற இடங்களில் வேறு வகை அலைகளிலும் பழகுகிறார்கள்.

போசோ அலை குதிக்கக் கற்றுக்கொடுக்கும். ஹூக்கிபா அலை சறுக்கக் கற்றுக்கொடுக்கும். இரண்டும் தெரிந்தவனே முழு வீரன்.

பத்து நிமிஷப் பரீட்சை

போட்டி எப்படி நடக்கிறது?

இரண்டு பேர் அல்லது நான்கு பேர் ஒரே நேரத்தில் கடலில் இறங்குவார்கள். கரையில் நடுவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். சங்கு ஊதி, கொடியை மாற்றியதும் ஆட்டம் தொடங்கும். நேரம் சுமார் 10 நிமிஷம். அலைக்கும் காற்றுக்கும் தகுந்தபடி கொஞ்சம் கூடும், குறையும்.

கடலுக்குள் போகும்போது எதிர் அலையில் ஏறிக் குதிக்க வேண்டும். எவ்வளவு உயரம், என்ன கரணம், எவ்வளவு சுத்தமாக இறங்கினான் என்று பார்த்து மார்க்கு போடுவார்கள். கரைக்குத் திரும்பும்போது அலையின் முகத்தில் சறுக்கி வர வேண்டும். அலை உடையும் இடத்துக்கு எவ்வளவு நெருக்கத்தில், எவ்வளவு வேகமாகப் பலகையைத் திருப்பினான் என்று பார்த்து மார்க்கு போடுவார்கள்.

எல்லா முயற்சிகளும் கணக்கில் சேராது. மிகச் சிறந்த சில தாவல்களும் சில சறுக்கல்களும் மட்டுமே சேரும். ஆகவே விழுந்தால் மார்க்கு குறையாது. ஆனால் நேரம் போய்விடும். விழுந்தவன் பாயைக் காற்றில் பிடித்து எழுந்திருக்க வேண்டும். அதற்குள் இன்னோர் அலை வந்து கவிழ்க்கும். இரண்டு நிமிஷம் போய்விட்டால், பரீட்சையில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று!

பாயோ மரமோ ஒடிந்தால்? கரையில் ஓர் உதவியாள் இன்னொரு பலகையோடும் பாயோடும் தயாராக நிற்பான். வீரன் நீந்திக் கரைக்கு வந்து, கல்லின் மேல் ஓடி, புதுப் பலகையை எடுத்துக்கொண்டு மறுபடி கடலுக்கு ஓடுவான். உதவியாள் பெரும்பாலும் நண்பன், அல்லது வீட்டு மனிதர்.

நல்ல அலையைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு வித்தை. 10 நிமிஷத்தில் பெரிய அலை ஒன்றோ இரண்டோதான் வரும். அது வரும்போது சரியான இடத்தில் இருக்க வேண்டும். பலசாலி ஆனாலும் தவறான இடத்தில் இருந்தால் பயன் இல்லை.

பல போட்டிகளில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்து வந்திருக்கிறது. முதல் சுற்றில் தோற்றவன் உடனே வீட்டுக்குப் போக வேண்டாம். தோற்றவர்களுக்கு இன்னொரு சுற்று நடக்கும். அதிலே ஒவ்வொருவராகத் தோற்கடித்துக்கொண்டே மேலே வரலாம். கடைசியில் முதல் இடத்தில் இருப்பவனையே சவாலுக்கு அழைக்கலாம். ஆனால் அவனை இரண்டு தடவை தோற்கடிக்க வேண்டும். ஒரே நாளில் ஏழெட்டுத் தடவை கடலில் இறங்கி, கை தோல் உரிந்துபோகும்வரை போராடியவர்கள் உண்டு.

காத்திருப்பதும் ஒரு வேலை. காற்று இல்லாவிட்டால் போட்டி இல்லை. ஒரு வாரம் பத்து நாள் என்று தேதி வைத்துவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். திடீரென்று காற்று வரும். "அரை மணியில் ஆட்டம்" என்று அறிவிப்பார்கள். அந்த நிமிஷத்தில் உடம்பும் மனமும் தயாராக இருக்க வேண்டும்.

பிழைப்பு எப்படி?

ஒரு வீரனிடம் ஒரு பலகை இருந்தால் போதாது. காற்று கூடினால் சின்னப் பாய்; குறைந்தால் பெரிய பாய். சுமார் 3 சதுர மீட்டரில் இருந்து 5 சதுர மீட்டருக்கு மேல் வரை, வரிசையாகப் பல பாய்கள் வேண்டும். பலகை சுமார் 2¼ மீட்டர் நீளம். எடை 7 கிலோவுக்குள். லேசாக இருப்பதால் பறக்கிறது. லேசாக இருப்பதால் ஒடிகிறது. மரம் கார்பன் நாரால் ஆனது. அதுவும் ஒடியும்.

இவ்வளவையும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு ஸ்பெயின், டென்மார்க், ஜெர்மனி, ஹவாய் என்று போட்டி நடக்கும் இடங்களுக்குப் போக வேண்டும். சாமான் கட்டணமே பெரிய செலவு.

பாய்ப் பலகைப் பந்தயம் 1984 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. ஆனால் அது முந்திப் போகும் ஓட்டப் பந்தயம். அலைப் போட்டி ஒலிம்பிக்கில் இல்லை. பரிசுப் பணமும் கால்பந்து, டென்னிஸ் போல அல்ல. பலகை, பாய் செய்யும் கம்பெனிகள் சம்பளம் கொடுத்தால்தான் பிழைப்பு. முன்வரிசையில் இருக்கும் சிலருக்கே அது கிடைக்கும். மற்றவர்கள் பாய்ப் பலகை கற்றுக்கொடுத்தும், வேறு வேலை பார்த்தும் செலவைச் சமாளிக்கிறார்கள்.

கம்பெனி தருவதும் பெயர் இருக்கும்வரைதான். ஆகவே இவர்களுக்கு உடம்புதான் மூலதனம். உடம்பு கெட்டால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

அக்கா தங்கை அல்ல, இரட்டையர்!

போசோவின் பெயரைச் சொன்னதும் எல்லாரும் நினைப்பது இரண்டு பெண்களை. ஒருவர் டைடா. மற்றவர் இபல்லா. ருவானோ மொரேனோ குடும்பத்து இரட்டைச் சகோதரிகள். 1978-ல் பிறந்தவர்கள்.

ஒரே முகம். ஒரே கடல். ஒரே பயிற்சி. போட்டியிலும் ஒருவருக்கு ஒருவரே எதிரி! 2000-ஐ ஒட்டித் தொடங்கி ஏறத்தாழ 20 ஆண்டுக் காலம், பெண்கள் அலைப் பட்டம் பெரும்பாலும் இந்த இருவரில் ஒருவரிடமே இருந்தது. இறுதி ஆட்டத்தில் சகோதரிகளே மோதுவது பல தடவை நடந்தது.

காலையில் சேர்ந்து பயிற்சி. மாலையில் எதிர் எதிராகப் போட்டி. ஒருத்தி ஜெயித்தால் மற்றவள் தோற்றுத்தான் ஆக வேண்டும். பட்டம் எப்படியும் ஒரே வீட்டுக்குத்தான் போகும்!

ஒருவர் புதுக் கரணம் ஒன்றைக் கற்றால் மற்றவர் சும்மா இருக்க முடியாது. பக்கத்திலேயே பலமான போட்டியாளர் இருந்ததுதான் இருவருக்கும் நல்ல ஆசிரியர் ஆயிற்று. ஆண்களே தயங்கும் காற்றில் இந்த இரு பெண்கள் கடலில் இறங்குவதைப் பார்த்து, தீவின் சிறுமிகளும் பலகை எடுத்தார்கள்.

முழங்கால் அறுந்த ஆண்டு

இப்போது அந்தக் கால்வாருக்கு வருவோம்.

பறக்கும்போது பலகையைக் காலோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வது வார். இறங்கும்போது கணக்குத் தவறினால்? பலகை ஒரு பக்கம் திரும்பும். உடம்பு இன்னொரு பக்கம் திரும்பும். பாதம் வாரில் மாட்டிக்கொண்டிருக்கும். நடுவிலே அகப்படுவது கணுக்காலும் முழங்காலும்தான்.

முழங்காலின் உள்ளே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தசைநார்கள் இருக்கின்றன. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் சேர்த்துக் கட்டியிருப்பவை அவைதான். ஒன்று அறுந்தாலும் முழங்கால் நிலை இல்லாமல் ஆடும்.

2016-ல் பிலிப் கோஸ்டருக்கு இந்தக் கதிதான் நேர்ந்தது. முதல் நாள்வரை 3 தடவை உலகச் சாம்பியன். கையில் முந்திய ஆண்டின் பட்டம். வயது 22. முழங்கால் தசைநார் அறுந்தது. அந்த ஆண்டுப் போட்டி அவருக்கு அதோடு முடிந்தது. பட்டத்தை ஸ்பெயின் நாட்டு வீரர் விக்டர் பெர்னாண்டஸ் ஜெயித்தார்.

இப்படிப்பட்ட காயம் ஆறப் பல மாதம் ஆகும். முதலில் காலை மடக்கி நீட்டப் பழக வேண்டும். பிறகு ஊன்றி நடக்க வேண்டும். மெலிந்துபோன தொடையை மறுபடி உரம் ஏற்ற வேண்டும். வாசலில் காற்று அடிக்கும். நண்பர்கள் கடலில் பறப்பார்கள். கரையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அலை வீரனுக்கு இதைவிடக் கடினமான பயிற்சி கிடையாது.

கால் ஆறினாலும் கதை முடியாது. மனம் ஆற வேண்டும். அறுந்த முழங்காலை நம்பி மறுபடி மூன்று மாடி உயரம் எழும்ப வேண்டும். "மறுபடி அறுந்துவிடுமோ?" என்று அந்தரத்தில் ஒரு கணம் நினைத்தால் போதும், சுழற்சி பாதியில் நிற்கும். தயங்குகிறவனுக்கே அடி அதிகம் என்பது சிறுவனாக இருந்தபோது கற்ற பாடம். இப்போது அதே பாடம் பெரிய பரீட்சையாக வந்தது.

கோஸ்டர் திரும்பி வந்தார். 2017-ல் மறுபடி உலகச் சாம்பியன் ஆனார்! 2018-ல் பெர்னாண்டஸ் மறுபடி பட்டத்தைப் பிடித்தார். 2019-ல் கோஸ்டர் அதைத் திரும்ப வாங்கினார். காயத்துக்குப் பிறகு இரண்டு பட்டங்கள்.

சிறுவர் வரிசை

போசோவில் சிறுவர் சிறுமியருக்கும் வயதுவாரியாகப் போட்டி நடக்கிறது. ஆளைவிடப் பாய் பெரிதாகத் தோன்றும். காற்று தூக்கிக்கொண்டு போகும். விழுவார்கள். பலகையை இழுத்துக்கொண்டு கற்களின் மேல் ஏறி வருவார்கள். மூச்சு வாங்கும். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி இறங்குவார்கள்.

கரையிலே தாய்மார்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நெஞ்சு பதைக்காமல் இருக்குமா? ஆனாலும் கடலுக்குப் போகாதே என்று தடுப்பதில்லை. எப்போது இறங்கலாம், எப்போது இறங்கக் கூடாது என்று கற்றுக்கொடுக்கிறார்கள். தனியாகப் போகாதே என்கிறார்கள். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துப் போ என்கிறார்கள். கடலில் துணிச்சலுக்கு முன்னால் வர வேண்டியது இந்த அறிவுதான்.

காற்றை யாரும் அடக்க முடியாது. அலையை யாரும் நிறுத்த முடியாது. 12 ஆண்டு பட்டம் வைத்திருந்த டன்கர்பெக்கும் காற்றுக்காகக் காத்திருந்தவர்தான். இரட்டைச் சகோதரிகளும் கல்லில் விழுந்து எழுந்தவர்கள்தான். அவர்கள் கையில் இருந்தது ஒன்றே ஒன்று. விழுந்த பிறகு என்ன செய்வது என்பது மட்டுமே!

உலகச் சாம்பியன்களை அந்த ஊர்க் காற்று உண்டாக்கியது என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. காற்று எல்லாரையும்தான் கீழே தள்ளியது. மறுபடியும் பலகையில் ஏறியவர்களே சாம்பியன் ஆனார்கள்.